கழுதைப் பாலமும் கணித வாத்தியார்களும்

இருசமபக்க முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கங்கள் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே இருக்கும் கோணங்களும் சமம். இதை நிரூபி என்றால் நம்மூர்ப் பள்ளிப் பையன் என்ன செய்வான்? உச்சிக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டி ஒரு கோடு இறக்குவான். முக்கோணம் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் சமம், நடுவில் இருக்கும் கோணம் சமம், இன்னொரு பக்கம் இரண்டுக்கும் பொது. ப-கோ-ப. மூன்று வரியில் வேலை முடிந்தது.

1890களில் ஓர் ஆங்கிலேயப் பையன் இதே மூன்று வரியைக் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எழுதியிருந்தால் அது செல்லாது. கணக்கு தப்பில்லை, வரிசை தப்பு. யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’ நூலில் இந்தத் தேற்றம் முதல் புத்தகத்தின் ஐந்தாவது. ஒரு கோணத்தை இருசமமாக வெட்டுவது எப்படி என்பது ஒன்பதாவது. அந்த ஒன்பது எட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எட்டு ஏழை, ஏழு ஐந்தை. ஆகவே ஐந்தை நிரூபிக்க ஒன்பதைக் கூப்பிட்டால் சுற்றி வந்து அதன் வாலையே கடித்த கதை.

அப்போ ஐந்தை எப்படித்தான் நிரூபிப்பது? சமமான இரு பக்கங்களையும் அடிப்பக்கத்துக்குக் கீழே நீட்ட வேண்டும். நீட்டிய கோடுகளில் சம தூரத்தில் ஒவ்வொரு புள்ளி வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்க்க வேண்டும். பெரிய முக்கோணங்கள் இரண்டும் சர்வசமம் என்று காட்டி, அதிலிருந்து அடியில் இருக்கும் சின்ன முக்கோணங்களும் சர்வசமம் என்று காட்டி, கடைசியில் ஒரு கோணத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் விடை வரும். இந்தத் தேற்றத்துக்குக் ‘கழுதைப் பாலம்’ என்று பெயர். படமும் கிட்டத்தட்ட பாலம் மாதிரிதான் இருக்கும். தாண்டத் தெரியாதவன் இந்தப் பக்கமே நின்றுவிடுவான்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்தத் தொகுப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்த்து, சுற்றுச் சார்பு விழாமல் வரிசைப்படுத்துவது எங்கள் அன்றாடப் பாடு. அந்தக் கண்ணோடு பார்த்தால் யூக்ளிடின் மேல் பெரிய மரியாதைதான் வருகிறது. ஏறத்தாழ 2300 வருடங்களுக்கு முன்னால் ஒரு மனிதர் நூற்றுக்கணக்கான தேற்றங்களை இப்படி அடுக்கியிருக்கிறார். ஆனால் அந்த அடுக்கின் நியாயம் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எப்படிப் புரியும்? அவனுக்கு அது புரியவில்லை. மனப்பாடம் பண்ணினான். படத்தில் எழுத்துகளை மாற்றிப் போட்டால் திணறினான்.

இந்த மனப்பாடத்தை ஒழிக்க இங்கிலாந்தின் கணித வாத்தியார்கள் சிலர் ஒரு சங்கம் வைத்தார்கள். முப்பது வருடம் அது நினைத்தது நடக்கவில்லை. பிறகு 1902 என்ற ஒற்றை வருடத்தில் நடக்கத் தொடங்கியது. அந்த வருடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் முந்தைய முப்பது வருடத்தைக் கொஞ்சமாவது சொல்லாமல் அந்த வருடம் விளங்காது.

பர்மிங்ஹாமில் கிங் எட்வர்ட்ஸ் பள்ளி என்று ஒன்று. அங்கே ராடன் லெவெட் என்பவர் கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். 1870இல் அவர் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். யூக்ளிடை விட்டு வெளியே வர நினைக்கும் ஆசிரியர்கள் ‘யூக்ளிட் எதிர்ப்புச் சங்கம்’ ஒன்றை ஏன் தொடங்கக்கூடாது என்பது அதன் சாரம். 1871 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கூடினார்கள். பெயரை மட்டும் கொஞ்சம் மரியாதையாக வைத்தார்கள்: வடிவியல் கற்பித்தல் மேம்பாட்டுச் சங்கம். தாமஸ் ஆர்ச்சர் ஹர்ஸ்ட் முதல் தலைவர். ஒரு பள்ளிப் பாடத்துக்கென்று ஆசிரியர்களே சேர்ந்து நடத்திய சங்கங்களில் உலகத்திலேயே மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று.

ஜனவரி என்பதைக் கவனியுங்கள். அது கிறிஸ்துமஸ் விடுமுறை. வாத்தியார்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் அதுதான். அந்த ஓய்வைச் செலவழித்துத்தான் ஆண்டுக்கூட்டம். மீதி வேலையெல்லாம் தபாலில். ஒருவர் வரைவு எழுதுவார், அடுத்தவர் திருத்தி அனுப்புவார். பகலில் வகுப்பு, சாயங்காலம் கட்டுரை நோட்டுத் திருத்தல், அதற்குப் பிறகு சங்க வேலை. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து சம்பளமில்லாமல் கோடு எழுதுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்களின் சுபாவம் சட்டெனப் பிடிபடும். தொடங்கும்போது இருக்கும் உற்சாகமும், மூன்றாம் வருடம் வரும் களைப்பும்.

சங்கம் முதலில் செய்தது, யூக்ளிடுக்குப் பதிலாக ஒரு பாடத்திட்டம் எழுதியது. 1875இல் அது அச்சாகி வந்தது. பிறகு அந்தத் திட்டத்தின்படி ஒரு பாடநூலும் எழுதினார்கள். அது முழுசாக வந்து சேர 1880களின் இறுதி ஆகிவிட்டது. நல்ல புத்தகம்தான். பள்ளிகள் வாங்கவில்லை. ஏன் வாங்க வேண்டும்? கேம்பிரிட்ஜில் சேரும் ஒவ்வொருவனும், அவன் சட்டம் படித்தாலும் இறையியல் படித்தாலும், ‘லிட்டில் கோ’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட ஒரு தொடக்கத் தேர்வைத் தாண்டியாக வேண்டும். அதில் கிரேக்கம் உண்டு, யூக்ளிட் உண்டு. பரீட்சையில் யூக்ளிட் கேட்கும்வரை வகுப்பில் யூக்ளிட்தான். புதிய புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பையனின் அப்பா கேட்கப்போவது ஒரே கேள்வி: இது பரீட்சைக்கு வருமா?

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் நடத்திய சார்ல்ஸ் டாட்ஜ்சன், நமக்கெல்லாம் லூயிஸ் கரோல், 1879இல் இதற்கென்றே ஒரு நாடகம் எழுதினார். அதில் யூக்ளிடின் ஆவி வருகிறது. நவீனப் போட்டியாளர்களின் புத்தகங்கள் ஒவ்வொன்றாக விசாரணைக் கூண்டில் ஏறுகின்றன. சங்கத்தின் பாடத்திட்டமும் அதில் ஒன்று. கிண்டல் நிறைய. ஆனால் கிண்டலுக்கு அடியில் அவர் வைத்த வாதம் வலுவானது. ஆளாளுக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டால் தேர்வாளர் என்ன செய்வார்? ஒரு பையன் ‘அ’வைக் கொண்டு ‘ஆ’வை நிரூபிக்கிறான். இன்னொரு புத்தகம் படித்தவன் ‘ஆ’வைக் கொண்டு ‘அ’வை நிரூபிக்கிறான். இரண்டும் சரியா? ஆயிரம் விடைத்தாள் திருத்துகிறவர் ஒவ்வொரு பையனும் எந்தப் புத்தகம் படித்தான் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒரே வரிசை, ஒரே எண்கள் இருந்தால்தான் நாடு முழுக்க ஒரே பரீட்சை நடத்த முடியும்.

எங்கள் தொழிலில் இதைப் பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்போம். பழைய இடைமுகம் மோசமானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நூறு மென்பொருள்கள் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும், கை வைக்க முடியாது. யூக்ளிட் பாடநூலாக இருந்ததைவிட இப்படி ஒரு இடைமுகமாக இருந்ததுதான் அவர் நிலைத்ததற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1880களின் இறுதியில் கேம்பிரிட்ஜ் கொடுத்த சலுகையும் இதைத்தான் காட்டுகிறது. யூக்ளிடுடையது அல்லாத நிரூபணங்களையும் ஏற்கிறோம், ஆனால் யூக்ளிடின் வரிசையை மீறக்கூடாது என்றார்கள். அதாவது கழுதை வேறு நடை நடக்கலாம், பாலம் அதே பாலம்.

சங்கம் களைத்துப்போனது. இருந்தும் கலைந்துவிடவில்லை. 1894இல் ‘மேத்தமேட்டிகல் கெசட்’ என்ற இதழைத் தொடங்கினார்கள். முதல் ஆசிரியர் லாங்லி, பெட்ஃபோர்டில் பள்ளி வாத்தியார். 1897இல் சங்கத்தின் பெயர் கணிதச் சங்கம் என்று சுருங்கியது. லாங்லிக்குப் பின் இதழைக் கையில் எடுத்த கிரீன்ஸ்ட்ரீட் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் தலைமையாசிரியர். அவர் 1930இல் சாகும்வரை அதை விடவில்லை. ‘யூக்ளிட் எதிர்ப்பு’ என்று ஆரம்பித்த கூட்டம் இப்படி மெல்ல மெல்ல ஒரு மரியாதையான இதழ் நடத்தும் அமைப்பாக மாறிக்கொண்டிருந்தது. அப்படியே அது அடங்கிப் போயிருக்கலாம்.

அடி வெளியிலிருந்து விழுந்தது. ஜான் பெர்ரி என்று ஒரு பொறியாளர். அயர்லாந்துக்காரர், இளமையில் டோக்கியோவில் பொறியியல் கற்பித்தவர், பிறகு லண்டனில் பேராசிரியர். பூமியின் வயது பற்றி லார்ட் கெல்வின் போட்ட கணக்கையே கேள்வி கேட்டவர். 1901 செப்டம்பரில் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் மாநாட்டில் அவர் கணிதக் கல்வி பற்றிப் பேசினார். கணிதம் எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் போட்டார். மனமகிழ்ச்சி, தர்க்கமாக யோசிப்பது, அறிவியலுக்குக் கருவியாக இருப்பது என்று போகிறது பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இதுவரை கண்டுகொள்ளப்படாதது என்று குறிப்பு. பரீட்சை பாஸ் பண்ணுவது என்ற பயனுக்கு மட்டும், கண்டுகொள்ளப்பட்டது இது ஒன்றுதான் என்று எழுதினார். பையன்கள் அளக்கட்டும், வெட்டட்டும், எடை போடட்டும், கட்டம் போட்ட தாளில் வளைகோடு வரையட்டும், பிறகு நிரூபணத்துக்கு வரலாம் என்பது அவர் கட்சி. அவர் வாத்தியார்களை மென்மையாகப் பேசியவர் இல்லை. ஆனாலும் முப்பது வருடமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு ஆள் வந்து கதவை எட்டி உதைத்தது வசதியாகத்தான் போயிற்று.

பிரிட்டிஷ் அசோசியேஷன் உடனே ஒரு குழு போட்டது. தலைவர் ஃபோர்சித், கேம்பிரிட்ஜில் சாட்லேரியன் பேராசிரியர். அதே நாற்காலியில் அவருக்கு முன் இருந்த ஆர்தர் கேலி யூக்ளிடுக்காக உயிரை விடுகிற கட்சி. கேலி 1895இல் இறந்துபோனார். சில மாற்றங்கள் வாதத்தில் ஜெயித்து வருவதில்லை, ஆள் மாறினால் வருகின்றன.

இனி 1902.

அந்த ஜனவரியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, வின்செஸ்டர், ஹாரோ போன்ற பெரிய பள்ளிகளின் கணித ஆசிரியர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் வெளிவந்தது. இரண்டு, சங்கம் தன் ஆண்டுக்கூட்டத்தில் கற்பித்தலுக்கென்று ஒரு குழுவை அமைத்தது. இரண்டிலும் முன்னால் நின்றவர்கள் சார்ல்ஸ் காட்ஃப்ரே, சிடன்ஸ். காட்ஃப்ரேவுக்கு வயது 28, வின்செஸ்டரில் வேலை. சிடன்ஸுக்கு 25, ஹாரோவில். இருவரும் படித்தது பர்மிங்ஹாம் கிங் எட்வர்ட்ஸ் பள்ளியில். கணிதம் சொல்லிக்கொடுத்தவர் ராடன் லெவெட். 1870இல் கடிதம் எழுதிய அதே லெவெட்! வாத்தியார் ஆரம்பித்ததை அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன்கள் கையில் எடுத்திருக்கிறார்கள். சங்கங்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட விஷயங்கள் தீர்மானங்களில் பதிவாவதில்லை.

குழு சீக்கிரமாக வேலை செய்தது. முதல் அறிக்கை, வடிவியல் பற்றியது, மே மாதக் கெசட்டிலேயே வந்துவிட்டது. அதைப் படிக்கும்போது எனக்கு வியப்பளித்தது அதன் அடக்கம். பெர்ரி கிளப்பிய புழுதிக்குப் பிறகு ஒரு புரட்சிப் பிரகடனத்தை எதிர்பார்ப்போம். இவர்கள் யூக்ளிடின் தேற்ற வரிசையைக் கலைக்கப் போவதில்லை என்றே சொல்கிறார்கள். கேட்டது சின்னச் சின்ன விஷயங்கள். நிரூபணத்துக்கு முன்னால் காம்பஸ், பாகைமானி, அளவுகோல் வைத்து வரையவும் அளக்கவும் ஒரு முன்பாடம் வேண்டும். ‘இதை வரை’ என்கிற கணக்குகளைத் தேற்ற வரிசையிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். விகிதம் பற்றிய ஐந்தாம் புத்தகத்தின் கடினமான கோட்பாட்டைப் பள்ளிப் பையன் தலையில் கட்டாதீர்கள்.

இதில் இரண்டாவது கோரிக்கை பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. உண்மையில் பூட்டின் சாவி அதுதான். கோணத்தை இருசமமாக வெட்டும் கோடு ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், அதை வரைவது எப்படி என்று பிறகு கற்கலாம் என்றால் ஒன்பதாவதற்குக் காத்திருக்கும் அவசியமே போய்விடுகிறது. மூன்று வரி நிரூபணம் செல்லும். யூக்ளிடின் கட்டடத்தில் ஒரு செங்கல்லையும் பிடுங்காமல், ஒரே ஒரு சார்பை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். பழைய மென்பொருளை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதுவோம் என்று ஒவ்வொரு வருடமும் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி எந்த முடிச்சை அவிழ்த்தால் போதும் என்று தேடுகிறவர்கள் குறைவு. 1875இன் சங்கம் முதல் ரகம். 1902இன் சங்கம் இரண்டாவது.

அதே மே இதழில் இன்னொரு கட்டுரையும் இருந்தது. எழுதியவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், முப்பது வயது நிறைகிற மாதம். யூக்ளிட் தர்க்கத்தின் சிகரம் என்கிறார்களே, அதுவே பொய் என்றார் அவர். முதல் தேற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டின் இரு முனைகளை மையமாக வைத்து இரு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியைச் சேர்த்து, சமபக்க முக்கோணம் என்கிறார் யூக்ளிட். வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்று யார் சொன்னது? படத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். எடுகோள்களில் அது இல்லை. நாலாவது தேற்றத்தில் ஒரு முக்கோணத்தைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கிறாரே, அது அதைவிட மோசம். பெர்ரிக்கு யூக்ளிட் அளவுக்கு மீறிய தர்க்கம், ரஸ்ஸலுக்குத் தர்க்கமே போதாது. இரண்டு பக்கமும் அடி வாங்கிய யூக்ளிடை நடுவில் இருந்து கொஞ்சம் தாங்கிப் பிடித்தது, வேடிக்கையாக, அவரை ஒழிப்பதற்கென்று தொடங்கப்பட்ட சங்கம்தான். சொல்ல மறக்கக்கூடாது, அடுத்த மாதம்தான் ரஸ்ஸல் ஃப்ரேகேவுக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதி அவருடைய கட்டடத்தையும் ஆட்டினார்.

அதே ஆண்டில் எண்கணிதம், இயற்கணிதம் பற்றியும் குழு அறிக்கை கொடுத்தது. அது இங்கே நமக்கு வேண்டாம்.

முக்கியமானது, இந்தமுறை சங்கம் தன் அறிக்கையைப் பள்ளிகளுக்கான புத்தகமாக ஆக்க முயலவில்லை. தேர்வு நடத்துகிறவர்களைப் பார்த்துப் பேசியது. பலனும் அங்கேதான் வந்தது. கேம்பிரிட்ஜ் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது, ஃபோர்சித் அதிலும் இருந்தார். 1903இல் அது பரிந்துரைத்தது, பல்கலைக்கழகம் ஏற்றது: ஒழுங்கான ஒரு முறையின் பகுதி என்று தேர்வாளருக்குப் படும் எந்த நிரூபணமும் செல்லும். யூக்ளிட் வரிசை போயே போய்விட்டது. சங்கம் கேட்டதைவிட அதிகம். வரிசை இருக்கட்டும் என்று வாத்தியார்கள் சொல்ல, வரிசையும் வேண்டாம் என்று தேர்வு நடத்துகிறவர்கள் சொன்னார்கள்.

டாட்ஜ்சன் 1898லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் ‘நான் அப்போதே சொன்னேனே’ என்றிருப்பார், அதில் நியாயமும் இருந்திருக்கும். ஆளுக்கொரு வரிசையில் புத்தகங்கள் குவிந்தன. ஒரு பள்ளியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய பையன் முழித்தான். ஒப்புக்கொண்ட ஒரு வரிசை வேண்டும் என்று பின்னாளில் ஆசிரியர்களே கேட்கத் தொடங்கினார்கள். 1923இல் அதே சங்கம் இன்னொரு அறிக்கை எழுதி, முதலில் கைவேலை, பிறகு நிரூபணம், கடைசியில் முழு அமைப்பு என்று மூன்று படிகளாகப் பிரித்துப் பார்த்தது. லாபமில்லாத மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கழுதைப் பாலத்தில் தலைமுறை தலைமுறையாக அழுத பிள்ளைகளின் கணக்கையும் போட வேண்டுமே. ஆனால் நஷ்டமும் உண்டு. நூறு தேற்றம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற காட்சியை ஒரு மாணவன் பார்ப்பதற்கான வாய்ப்பு அத்தோடு குறைந்துபோனது.

பதிப்பாளர்கள் யாரும் தூங்கவில்லை. காட்ஃப்ரேயும் சிடன்ஸும் சேர்ந்து எழுதிய வடிவியல் புத்தகத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகமே 1903இல் வெளியிட்டது. ஹால், ஸ்டீவன்ஸ் என்ற இரட்டையர் முன்பு யூக்ளிட் பாடநூல் போட்டு நன்றாக விற்றவர்கள். அவர்கள் அதே 1903இல் புதிய முறைக்கு ஏற்ப ‘எ ஸ்கூல் ஜியாமெட்ரி’யைக் கொண்டுவந்தார்கள். பரீட்சை திரும்பும் பக்கம் புத்தகமும் திரும்பும்.

அந்த ஹால் அண்ட் ஸ்டீவன்ஸ் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து பல பத்தாண்டுகள் நம் பள்ளிகளை ஆண்டது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்த தாத்தாக்கள் இன்னும் அந்தப் பெயரைச் சொல்வார்கள், அதே ஹால் இன்னொருவரோடு எழுதிய அல்ஜீப்ராவின் பெயரைச் சொல்கிற அதே பயபக்தியோடு. யூக்ளிட் என்ற பெயர் அட்டையிலிருந்து போய், அளவுகோலும் பாகைமானியும் முதல் அத்தியாயத்துக்கு வந்தது இங்கேயும் இப்படித்தான். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் கிராஃப் ஷீட்டுக்கும் பின்னால் கிளாஸ்கோவில் பெர்ரி பேசியதும் 1902இல் சங்கம் கேட்டதும் இருக்கின்றன.

நம் பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் அவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்: செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. பையன் கையால் செய்து, கண்ணால் பார்த்து, தானே கண்டுபிடிக்கட்டும் என்று பெர்ரி கட்டம் போட்ட தாளைத் தூக்கிப் பிடித்தார். நம்மூரில் மெல்லக் கற்கும் மாணவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கும் வாத்தியார்கள் முதலில் எடுப்பது இந்த இரண்டையும்தான், ஏனென்றால் மாதிரி மாறாது, பழகிவிட்டால் மார்க் உறுதி. தொடுகோடு வரையும் கணக்கை இருபது தடவை போட வைப்பார்கள். உதவிப்படம் முதலில், அப்புறம் சரிப்படம், அப்புறம் வரைமுறை. வரைபடத்தில் அட்டவணை, அச்சுகள், புள்ளிகள், வளைவரை. பென்சிலைக் கூர் சீவிக்கொள், அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுது, மறந்தால் ஒரு மார்க் போகும்.